பொங்கியண்ணன் மாஸ்டரின் இடது தோள்

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளு."

"ஊட்டுக்குப் போயிக் கேக்கறேனுங்க."

இருபது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான முதல் சித்திரையில், அவிநாசித் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நடந்த பேச்சு இது. அன்று தேர்க்கூட்டத்தில் பொங்கியண்ணன் தன் புது மனைவியை முக்கால் மணி நேரம் தொலைத்துவிட்டு, கடைசியில் ஒரு வளையல் கடை ஓரத்தில் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பதற்றத்தில், அவள் கேட்க வந்தது என்னவென்று வழியில் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"மறந்துட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு சாரதாமணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறந்தவள் முகம் அப்படியா இருக்கும்?

அன்றிலிருந்து அவர் யூகித்துக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு பித்தளை அண்டா வந்தது.

"அன்னிக்கு நீ கேக்க வந்தது இதுதானா?"

"இதில்லீங்க. ஆனா அண்டா நல்லாருக்குதுங்க."

அடுத்து ஒரு கல்லுவைத்த தோடு. அதற்கடுத்து ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. பழனிக்கு ஒரு பயணம். போன வருஷம் ஒரு ரேடியோ. ஒவ்வொரு தடவையும் "இதில்லீங்க" என்ற பதில் மாறவில்லை. இருபது வருஷத்தில் வீடு நிறைந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் வெளியே வரவில்லை.

இப்போது அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அதே சாரதாமணி, கணவர் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றுகொண்டு, அவர் வெட்டிய பனியனை நெடுக்குவாக்கில் இரண்டாக மடித்துப் பார்த்தாள். இடது தோள்பட்டியும் வலது தோள்பட்டியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்து மடித்தாள். அதுவும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் கழிவுக் கூடையில் போட்டாள்.

"அய்யோ, மாஸ்டரூட்டம்மாவே மாஸ்டர் வெட்டினதைத் தூக்கிப் போட்டுட்டாங்க!" என்று இஸ்திரி போடுகிற சின்னான் கம்பெனிக்கே கேட்கும்படி சொன்னான்.

மகளைக் கார்த்திகையில் ஈரோட்டுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், தை பிறந்ததும் சாரதாமணி செக்கிங் வேலைக்கு வந்திருந்தாள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வந்தது இந்த வம்பு.

பொங்கியண்ணன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பனியனை மடித்துப் பார்த்தார். பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அரை இஞ்ச்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க" என்றாள் சாரதாமணி, அவரைவிட மெதுவாக. "நான் வேணும்னு போடலீங்க."

"நீ போட்டது சரிதான் புள்ள. போடாம இருந்தாத்தான் தப்பு."

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று மத்தியானம் கட்டுச்சோற்றில் பாதி மிஞ்சிவிட்டது.

*

தப்பு கத்திரியில் இல்லை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமைதோறும் காலை எட்டரைக்கு முதலாளி சிவசுப்பிரமணியம் முருகன் படத்துக்குச் சூடம் காட்டுவார். காட்டி முடித்ததும், அந்த வாரத்து மாதிரி பனியனைப் பொங்கியண்ணனின் உடம்பில் போட்டுப் பார்ப்பார்கள். அவர் உடம்பு அச்சு அசல் தொண்ணூறு சைஸ். கம்பெனி ஆரம்பித்த நாளில் முதல் பனியன் அந்த உடம்பில்தான் ஏறியது. அந்த லாட் விற்றுப்போன வேகத்தைப் பார்த்து, அதையே ராசியென்று வைத்துக்கொண்டார் முதலாளி. மாஸ்டர் மேல் பனியன் எப்படி உட்காருகிறதோ, அதற்கேற்ப, துணி வெட்ட அளவு வைக்கும் அட்டையைத் திருத்துவார்கள். அட்டைக்குக் குங்குமம் வைப்பார்கள். பிறகு அந்த வாரம் முழுக்க அந்த அட்டைதான்.

கொஞ்ச நாளாகவே மாஸ்டர் மேல் இடது பட்டி தொளதொளவென்று நின்றது. "அரை இஞ்ச் புடிங்க" என்றார் முதலாளி. அட்டையில் இடது பட்டியைக் குறைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் பனியன் எல்லாருக்கும் இடது பக்கம் மேலே ஏறுகிறது. இடுப்பில் குடம் வைத்து நடப்பவர்களுக்காகத் தயாரித்தீர்களா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.'

முதலாளி கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு மாஸ்டரைச் சுவரோரம் நிற்கவைத்தார். சின்னான் இரண்டு தோளுக்கும் குறுக்கே ஒரு அடிக்கோலை வைத்தான். அடிக்கோல் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தது.

"பனியன் நேராத்தான் இருக்குதுங்க மொதலாளி. மாஸ்டர்தான் சரிஞ்சு போயிட்டாரு."

"ஏனுங்க மாஸ்டர், என்னுங்க பண்ணுனீங்க தோளை?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே."

செக்கிங் மேஜையிலிருந்து சாரதாமணி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள். "அட்டைய நடுவுல மடிச்சு வெட்டிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துருமுங்களே."

முதலாளி பதறிவிட்டார். "குங்குமம் வெச்ச அட்டைய மடிக்கறதாம்மா? முருகா! அட்டை சரியாத்தான் இருக்குது. மாஸ்டரைத்தான் சரி பண்ணோணும்."

*

கம்பெனியிலிருந்து கருவம்பாளையத்து வீட்டுக்கு ஒன்றரை மைல். பொங்கியண்ணன் முன்னால் நடந்தார். வழக்கம்போல நாலு எட்டு பின்னால் சோற்றுத் தூக்குப்போசியோடு சாரதாமணி வந்தாள். அந்த ஊரில் அந்த வயதுத் தம்பதிகள் எல்லாருமே அப்படித்தான் நடந்தார்கள்.

"தோளு வலிக்குதுங்களா?" என்றாள்.

"வலியெல்லாம் இல்ல. நீ மெதுவா வா. வண்டி வருது."

"வர்றேனுங்க, வர்றேனுங்க." அவள் அவசரமாக எட்டி நடை போட்டாள்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. வலது தோள் உயரமாக இருப்பதால் அதன்மேல் பாரம் வைக்கவேண்டும் என்றான் சின்னான். துணி உருளைகளை வலது தோளில் சுமந்தார். நாலாம் நாள் வலது தோள் வீங்கி இன்னும் உயர்ந்தது. பிறகு இடது செருப்புக்குள் பனியன் துணியை மடித்து வைத்துக்கொண்டு நடந்தார். அதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரும்புக் கம்பியில் கால் மணி நேரம் தொங்கினார். கம்பி கழன்று முதலாளியின் நாற்காலி மேல் விழுந்தது. நல்லவேளை, முதலாளி அப்போது அதில் இல்லை.

கடைசியில் கண்ணம்மாள் டீச்சரிடம் போகச் சொன்னவர் முதலாளிதான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. சைக்கிளில் வருவார், சைக்கிளில் போவார். கோத்தகிரியில் ஒரு கோடை முகாமில் யாரோ வெளிநாட்டு அம்மாவிடம் ஏதோ ஒரு புது மாதிரிப் பயிற்சி கற்றுக்கொண்டு வந்திருந்தார். காலை ஆறரைக்குப் பள்ளி மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தார். முதலாளியின் சம்சாரத்துக்கு முழங்கால் வலி அதில்தான் குறைந்ததாம்.

"பொம்பள டீச்சருங்களா?" என்றாள் சாரதாமணி.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க. நானும் கூட வர்றேன். அங்கிருந்தே கம்பெனிக்குப் போயிக்கலாமுங்க."

பள்ளிக்கூடம் நொய்யல் பாலத்துக்கு அந்தப் பக்கம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கம்பெனி என்று சுற்றி நடந்தால் மூன்று மைல். பரவாயில்லை, தோளுக்காக நடக்கவேண்டியதுதான் என்று முடிவு செய்தார் பொங்கியண்ணன்.

*

முதல் நாள் டீச்சர் அவரைக் கோரைப்பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தார். பக்கத்துப் பாய்களில் முதலாளியின் சம்சாரமும் இன்னும் மூன்று பெரியம்மாக்களும் படுத்திருந்தார்கள். வராண்டாவில் சாரதாமணி தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப உங்க எடது தோளு எங்க இருக்குதுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

பொங்கியண்ணன் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தார். "இங்கதானுங்க இருக்குது."

"கையில தொடாதீங்க. உள்ளுக்குள்ள இருந்து பாருங்க. எந்தத் தோளு தரைய அதிகமாத் தொடுது?"

"ரெண்டும் தரைலதானுங்க. வேற எங்கீங்க போவும்?"

ஒரு பெரியம்மா களுக்கென்று சிரித்தாள்.

"சரி தப்பு ஒண்ணும் இல்லீங்க மாஸ்டர். எதையும் நேராக்க வேண்டாம். கவனிச்சாப் போதும். இப்ப எடது தோளை மெதுவாத் தூக்குங்க. உங்க பலத்துல பாதிதான். அதுலயும் பாதி. ஒரு நூலை அறுக்காம இழுக்கிற மாதிரி."

நூல் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தறிக்கார வீட்டில் பிறந்தவர். அறுக்காமல் இழுப்பது கைக்குத் தெரியும், தோளுக்கும் தெரியக்கூடும் என்று இதுவரை நினைத்ததில்லை. மெதுவாகத் தூக்கினார். மெதுவாக இறக்கினார். பத்தாவது தடவை தோள் தரையில் வந்து அமர்ந்தபோது, முதுகுக்குக் கீழே பாயின் ஒவ்வொரு கோரையும் தெரிந்தது. தன் மூச்சு தன்னைக் கேட்காமலே வந்து போய்க்கொண்டிருப்பதை நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்.

எழுந்து நின்றதும் டீச்சர் ஒரு நூலில் நூல்கண்டைக் கட்டி, மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டுப் பார்த்தார். "இப்பப் பாருங்க. நேரா இருக்கறீங்க."

வராண்டாவிலிருந்து சாரதாமணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் எட்டரைக்குக் கம்பெனியில் சின்னான் வைத்த அடிக்கோல் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தது. முன்பைவிட வேகமாக விழுந்தது.

"ஒரு நாள்ல சரியாவுங்களா மாஸ்டர்? தெனமும் போங்க" என்றார் முதலாளி.

தினமும் போனார். தினமும் பள்ளிக்கூடத்தில் நேராக நின்றார். தினமும் கம்பெனிக்கு வந்து சேரும்போது சரிந்திருந்தார். பத்தாம் நாள் அரை இஞ்ச் முக்கால் இஞ்ச் ஆனது.

"தெனமும் மூணு மைலு நடக்கறது நல்லதுதானுங்களே டீச்சர்?"

"நல்லதுங்க மாஸ்டர். நடங்க."

*

பயிற்சியால் வேறு சில மாற்றங்கள் வந்தன. தன் தோளைக் கவனிக்கப் பழகியவருக்கு மற்றதும் கண்ணில் பட ஆரம்பித்தது. சாரதாமணி எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள் என்பதை ஒருநாள் கவனித்தார்.

"உக்காந்து சாப்பிடு புள்ள."

"உங்களுக்குப் பரிமாறோணுமுங்களே."

"சட்டிய இங்க கொண்டாந்து வெச்சுக்க. ரெண்டு பேரும் போட்டுக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு அந்த வாயெடுப்பு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாகப் பார்த்துவருவது.

"என்ன கேக்க வந்த?"

"ரசம் வேணுங்களான்னு."

"அவிநாசில கேக்க வந்ததும் ரசமா?"

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். "இல்லீங்க. அது வேற."

கம்பெனியில்தான் பயிற்சி பெரிய ரகளையாகிவிட்டது. மத்தியான இடைவேளையில் துணிக் குவியல் மேல் மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி இறக்கினார். அது நன்றாயிருக்கிறதென்று பக்கத்தில் இரண்டு டெய்லர்கள் படுத்தார்கள். அடுத்த நாள் நாலு பேர். அந்த வாரக் கடைசியில் முதலாளி உள்ளே வந்தபோது, கல்கத்தாவுக்குப் போகவேண்டிய துணியின் மேல் பதினோரு பேர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.

"முருகா! என்னய்யா ஆச்சு எல்லாருக்கும்?"

"பேசாதீங்க மொதலாளி" என்றான் சின்னான், கண்ணைத் திறக்காமலே. "என்ற வலது குதிகாலு எங்க இருக்குதுன்னு பாத்துட்டு இருக்கறேன்."

"உன்ற இஸ்திரிப்பெட்டி எங்க இருக்குதுன்னு பாருடா முதல்ல! பொகை வருது!"

மூன்று பனியன் கருகிப்போனது. போதாததற்கு, எதையும் பாதி பலத்தில் செய்யவேண்டும் என்று டீச்சர் சொன்னதைப் பொங்கியண்ணன் கத்திரிக்கும் பொருத்திப் பார்த்திருந்தார். வெட்டு வெகு நேர்த்தியாக விழுந்தது. பாதிதான் விழுந்தது.

"மாஸ்டர், பாதி பலத்துல வெட்டுனா பாதி பனியன்தானுங்க வரும். கல்கத்தாக்காரன் ஒரு கைய மட்டும் மாட்டிட்டுப் போவானுங்களா?" என்றார் முதலாளி.

அன்று முதலாளியே ஒரு யோசனை கண்டுபிடித்தார். மாஸ்டர் உடம்பு சரிந்திருப்பது தெரிந்துவிட்டதல்லவா? அப்படியானால் அட்டையில் அந்த அளவை எதிர்ப்பக்கம் கழித்துவிட்டால் சரியாகிவிடும். உடனே போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்து, எதிர்ப்பக்கம் முக்கால் இஞ்ச் கழித்தார்கள். கழித்த அட்டையில் ஒரு முழு லாட் வெட்டிப் போனது.

பதினைந்து நாளில் கல்கத்தாவிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. 'முன்பு இடது பக்கம் ஏறியது. இப்போது வலது பக்கம் ஏறுகிறது. இரண்டு லாட்டையும் சேர்த்து ஒருவரே போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும்போலும்.'

அன்று போட்டுப் பார்த்தது மத்தியானம், துணிக் குவியலில் படுத்து எழுந்த கையோடு என்பது பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மத்தியானத்தில் அவர் நேராக இருந்திருக்கிறார். நேராக இருந்தவருக்கு முக்கால் இஞ்ச் கழித்திருக்கிறார்கள்.

"அப்ப நீங்க காலைல ஒரு ஆளு, மத்தியானம் ஒரு ஆளுங்களா?" முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னால முடியாதுங்க மாஸ்டர். என்ற மச்சான் வெள்ளையன் சும்மாதான் இருக்கறான். கத்திரி புடிக்கத் தெரியும். சித்திரை பொறந்து முதல் திங்கக்கிழமை, பூஜைல உங்க தோளு நேரா இருந்தா கத்திரி உங்களுக்கு. இல்லாட்டி வெள்ளையனுக்கு. நீங்க மடிப்புல உக்காந்துக்கோங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பொங்கியண்ணன் மேஜைக்குத் திரும்பி வந்து, கத்திரியை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார். பதினாறு வயதில் கையில் வாங்கிய கத்திரி அது. கட்டைவிரல் வளையம் அவர் விரலுக்கென்றே தேய்ந்திருந்தது.

செக்கிங் மேஜையில் சாரதாமணி ஒரே பனியனை நாலு தடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

*

அந்தத் திங்கட்கிழமை வந்தது.

டீச்சர் அவருக்காக ஆறு மணிக்கே மண்டபத்தைத் திறந்திருந்தார். ஒரு மணி நேரம் படுக்கவைத்தார், உருளவைத்தார், உட்காரவைத்தார், நடக்கவைத்தார். நூல்கண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு நூல் அளவுகூடச் சரிவு இல்லை.

"அப்படியே போங்க மாஸ்டர். எதையும் தூக்காதீங்க."

"போற வழில மறுபடி சரிஞ்சுருமுங்க டீச்சர்." அவர் குரல் இறங்கியிருந்தது. "எனக்குத் தெரியுமுங்க. தெனமும் இங்க நேராத்தான் நிக்கறேன். இந்தக் கேட்டைத் தாண்டினா என்ன ஆவுதுன்னே தெரியல."

டீச்சர் சைக்கிளை எடுத்தார். "நானும் கூட வர்றேன். வாங்க."

மூன்று பேரும் கிளம்பினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டீச்சர் மாஸ்டருக்கு வலது பக்கமாக நடந்தார். வழக்கம்போல நாலு எட்டு பின்னால் தூக்குப்போசியோடு சாரதாமணி வந்தாள். தெருமுனை வரைக்கும் தோள் நேராக இருந்தது. சந்தைக்குப் போகும் மாட்டுவண்டிகள் வர ஆரம்பித்தன. பாலத்தில் கூட்டம் இன்னும் கூடியது.

எதிரே சைக்கிளில் வந்த சின்னான் கையைத் தூக்கினான். "மாஸ்டர், வெள்ளையன் புதுச் சட்டை போட்டுட்டு வந்து உக்காந்துட்டு இருக்கறானுங்க. நீங்க வந்து அதைக் கழட்ட வெக்கோணும்ல, சீக்கிரம் வாங்க!" என்று சொல்லிக்கொண்டே போனான்.

பாலத்தின் நடுவில் டீச்சர் நின்றுவிட்டார்.

"மாஸ்டர், நில்லுங்க. அசையாதீங்க. அப்படியே நில்லுங்க."

பொங்கியண்ணன் அப்படியே நின்றார்.

"இப்ப உங்க எடது தோளு எங்க இருக்குது?"

அவர் கண்ணை மூடினார். உள்ளுக்குள்ளிருந்து பார்த்தார். "கீழ எறங்கிருக்குதுங்க. பின்னால போயிருக்குதுங்க." அவருக்கே வியப்பாக இருந்தது. "கழுத்துகூடத் திரும்பிருக்குதுங்களே."

"மூக்கு?"

"மூக்கும்… எடது தோளுக்கு மேல இருக்குதுங்க."

"கண்ணைத் திறங்க. மூக்குக்கு நேரா என்ன இருக்குது?"

திறந்தார். மூக்குக்கு நேராக, நாலு எட்டு பின்னால், இரண்டு வண்டிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு, தூக்குப்போசியை மார்போடு அணைத்தபடி சாரதாமணி நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து இந்தப் பாலம் வர்றதுக்குள்ள அறுபத்திரண்டு தடவை திரும்பிட்டீங்க" என்றார் டீச்சர். "நானும் இத்தனை நாளாத் தோளையே கவனிச்சுட்டு இருந்தேன். அது எதைக் கவனிச்சுட்டு இருக்குதுன்னு கேக்காமப் போயிட்டேன்."

"நானா திரும்பறேன்? திரும்பவே இல்லீங்களே!"

"திரும்பறீங்க" என்றாள் சாரதாமணி. வண்டிகளுக்கு நடுவே புகுந்து அருகில் வந்திருந்தாள். "எப்பவுமே திரும்பறீங்க. வேலைக்கு வந்ததுல இருந்து தெனமும் பாக்கறேன். நான் மெதுவா வர்றேன்னு மொறைக்கறீங்கன்னு நெனச்சுட்டு, மூச்சு வாங்க ஓடி வந்துட்டு இருக்கறேன்."

"மொறைக்கறனா? நானா?" என்றார் பொங்கியண்ணன். "அன்னிக்கு அவிநாசில திரும்பிப் பாத்தேன், நீ இல்ல. முக்கால் மணி நேரம். எத்தனை மூஞ்சி பாத்தேன், ஒண்ணுலயும் நீ இல்ல. அதுக்கப்பறம்…" பாலத்துக் கூட்டத்தைக் கையால் காட்டினார். "நீ வர்றயான்னு பாக்கறேன் புள்ள. வேற ஒண்ணுமில்ல."

டீச்சர் சைக்கிளில் ஏறிக்கொண்டார். "இதுக்கு என்கிட்ட பயிற்சி இல்லீங்க மாஸ்டர். இன்னும் ஒரு மைலு இருக்குது. நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வண்டிகள் அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டிக்காரன், "ஏனுங்க, பாலத்துல நின்னுட்டுத்தான் பேசோணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை.

சாரதாமணி தூக்குப்போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். வாயெடுத்தாள். மூடினாள். அவருக்குத் தெரிந்த அந்த வாயெடுப்பு. இந்தத் தடவை அவர் என்னவென்று கேட்கவில்லை. தோளை இறக்கி, மூச்சை விட்டு, ஒரு நூலை அறுக்காமல் இழுக்கிறவர் மாதிரி வெறுமனே காத்திருந்தார்.

அவள் செக்கிங் மேஜையில் பார்ப்பதுபோல அவருடைய இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், "அன்னிக்கு அவிநாசில கேக்க வந்தது இதுதானுங்க: நான் பின்னால வராம, உங்க பக்கத்துலயே நடந்து வரட்டுங்களா? இப்போதைக்கு வலது பக்கமா."